சோப்பு ராணி சுமதி

2008 பிப்ரவரி 3, ஞாயிறு

குழந்தைகளுக்கான படக்கதையை எழுதி முடித்துவிட்டேன். ‘அம்மா வாசம்’. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம் அம்மா மீன் கூடையைத் தூக்கினாள். கரண்ட் போன இருட்டில், ஆறு வயசு நான் மீன் வாசத்தை வைத்தே அவள் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்வேன். அவ்வளவுதான் கதை.

ஓவியர் மாரி வரைவதற்கு அம்மாவின் போட்டோவைக் கொடுத்தேன். எட்டுக்கல் மூக்குத்தி, இடது புருவத்தில் தழும்பு.

அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. கேம்ப் ரோடு முழுக்கத் தமுக்கு அடித்துவிட்டாள். “எம் பொண்ணு என்னிய வச்சி புக்கு போடுது!”

பிப்ரவரி 9, சனி

பதிப்பாளர் ஸ்ரீரங்கன் சார் எந்தக் கதையையும் நேராக அச்சுக்கு அனுப்பமாட்டார். சேலையூர் அம்மாக்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு பிஸ்கட்டும் சிவப்புப் பேனாவும் கொடுப்பார். அவர்கள் சுழித்தது போய்விடும். “மாடர்ன் பேரண்ட்ஸ்மா. வாங்கறது அவங்கதானே?”

இன்று அப்பாவின் சாவு போனது. “தூங்கறப்ப படிக்கிற கதைல டெத் எதுக்கு?” கரண்ட் கட் போனது — நெகட்டிவாம். மீனும் போனது. அதைச் சுழித்தவள் கனகவல்லி. ஞாயிறு தவறாமல் அம்மாவிடம் வஞ்சிரம் வாங்குகிறவள்! கேட்டேவிட்டேன்.

“வீட்ல சாப்பிடறது வேற, புக் வேற மேடம்.”

அடிப்பாவி.

பிப்ரவரி 10

அழவில்லை.

பிப்ரவரி 23, சனி

இரண்டாவது சுற்று. கதையில் ஒரு ‘வேல்யூ’ வேண்டுமாம். “நாத்தம் அடிக்கிற கூடைக்காரிக்கு ஒரு குட்டிப் பொண்ணு சோப்பு போடக் கத்துக்குடுத்தா எப்படி?” ஐந்து பேரும் கைதட்டினார்கள். மீனை எடுத்துவிட்டு நாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

“அட்டைல உங்க பேரு, ‘சத்யப்ரியா’ன்னு பெருசா போடறேன்” என்றார் சார். பத்து வருஷமாகப் பேரில்லாமல் பயிற்சிப் புத்தகம் எழுதுகிறேன். சரி என்றேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

மார்ச் 14

புரூஃப் வந்தது. சோப்பு போடக் கற்றுக்கொடுக்கும் குட்டிப் பெண்ணின் பேரில் தலைப்பு: ‘சோப்பு ராணி சுமதி’. மாரி புதுசாக வரையவில்லை. பழைய படத்திலேயே தலையைச் சுற்றி ஈ, கூடையிலிருந்து பச்சைப் புகை. மூக்குத்தி இருக்கிறது. தழும்பு இருக்கிறது. மாற்றினால் ஸ்கூல் ஆர்டர் தள்ளிப்போகும்.

அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. ‘ஓகே’ என்று கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கனகவல்லி போன் செய்தாள். ஒரே குஷி. “உங்கம்மாகிட்ட புக்கைக் காட்டினேன் மேடம். அச்சு அசல் அவங்களேதான்! என் பொண்ணு மூக்கைப் புடிச்சிக்கிட்டு ‘சோப்பு போடுங்க ஆன்ட்டி’ன்னா. மீன் வாங்க நின்ன எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.”

அம்மா என்ன சொன்னாள்?

“அவங்களா? படத்துல இருந்த ஈயைக் கையால தட்டிவிட்டாங்க. பாவம், நிஜ ஈன்னு நெனச்சிட்டாங்க போல.”

படிக்கத் தெரியாது. கண்ணுமா தெரியாது? சனியனே, கையெழுத்துப் போடறப்ப இது தோணலியா உனக்கு? தோணிச்சு. தோணித்தான் போட்டே.

மே 2

இரண்டாம் பதிப்பு. அடுத்த கதை கேட்கிறார் சார்.

மே 11, ஞாயிறு

மூன்று வாரம் கழித்து அம்மா என் வீட்டுக்கு வந்தாள். கூடை இல்லை. தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை. தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. செருப்பு விடும் இடத்திலேயே நின்றாள்.

“ரெண்டு தபா சோப்பு போட்னு வந்துகீறேன். உள்ள வர்லாமா?”

“இன்னாம்மா கேள்வி இது, வா” என்றேன். வந்து சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. கையை நீட்டினேன். வீடு முழுக்க சோப்பு வாசம். அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியவில்லை.