இலுப்பைச்சாரல் தேன்காரி கொற்றியின் பொருட்டு எழுதிய ஓலை

நலம் பெருகுக, மழை தவறாது பெய்க. வெண்கோட்டு மலைக்கும் அதனடியில் விரிந்த ஒன்பது நகரங்களுக்கும் உரிமை பூண்டு, செங்கோல் ஏந்திப் பன்னிரண்டாம் ஆண்டாக ஆட்சி நடத்திவரும் எழிலித் தேவியாராகிய நாம், எம் ஓலைச் சந்தையின் தலைவர் நெடுங்கண்ணனார்க்கும், அவர்கீழ் ஒன்பது மன்றங்களிலும் பணிபுரிவோர்க்கும் விடுக்கும் ஓலை. நும் மனைகளில் நெல்லும் நலமும் நிறைக. நும் மக்கள் நோயின்றி வாழ்க.

வாழ்த்து இவ்வளவில் நிற்க. இனிச் சொல்லப்போவது மகிழ்ச்சிக்குரியது அன்று.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் இச்சந்தையை நிறுவியபோது, குடிசையில் இருப்போரும் ஒன்பது நகரங்களுக்கும் பண்டம் விற்கலாம் என்று ஊர்தோறும் பறை அறைவித்தோம். விற்போர் தம் பண்டத்தை ஓலையில் எழுதி அனுப்பினால் அது மன்றத்துச் சுவரில் தொங்கும். வாங்குவோர் அதைப் படித்துக் கேட்பர். எம் வண்டிகள் பண்டத்தைக் கொண்டுசேர்க்கும். வாங்கியவர் நிறைவுற்றால் வெண்ணூல் கட்டிய நறுக்கோலை ஒன்றும், குறைகண்டால் செந்நூல் கட்டிய நறுக்கோலை ஒன்றும் அவ்வோலையின் கீழே கட்டிவிடுவர். இத்தனை எளிய ஏற்பாட்டில் எளியோர்க்கு என்ன இடர் வரும் என்று அன்று நாம் எண்ணவில்லை. இலுப்பைச்சாரலில் வாழும் கொற்றி என்பவள் அந்தப் பறையொலியைக் கேட்டு நம்பினாள்.

கொற்றியின் கணவன் காடன் பாறைத் தேன் எடுப்பவன். அவன் கயிற்றில் இறங்கி எடுத்துவரும் தேனை அவள் வடித்து, செவ்வாய்ச் சந்தையில் பானையோடு வைத்து விற்றுவந்தாள். வருவோர் விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பர். பிள்ளைக்கு இருமலா, மாமியார்க்கு மூட்டுவலியா என்று அவளும் கேட்பாள். கொள்வோரும் கொடுப்போரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தனர். தன் தேன் நல்லது என்று வாய்திறந்து சொல்லவேண்டிய தேவை அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஆதலால் ஓலைச் சந்தைக்கு என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஊர் எழுத்தரிடம் "நல்ல தேன்" என்று இரண்டே சொல் சொல்லி எழுதுவித்து அனுப்பினாள். அவ்வோலைக்கு மேலே பெருநம்பி என்னும் பெருவணிகரின் ஓலை தொங்கியது. ஓவியர் வரைந்த பொற்குடமும் அதில் மொய்க்கும் வண்டுகளும் அதில் இருந்தன. அதைக் கண்மட்டத்தில் தொங்கவிட அவர் தனிக்கட்டணமும் செலுத்தியிருந்தார். கொற்றியின் ஓலையோ முழங்கால் மட்டத்தில் கிடந்தது. மூன்று மாதம் ஒருவரும் குனியவில்லை.

அவள் மனந்தளரவில்லை. எழுத்தரிடம் மறுபடியும் போய், இந்தத் தேன் எந்தப் பாறையில் எடுத்தது, எந்தப் பூ பூத்த மாதத்தது, காடன் எத்தனை முழக் கயிற்றில் இறங்கினான், அடையில் பாதியைத் தேனீக்கே விட்டு வந்தது ஏன் என்றெல்லாம் வீட்டுக் கதை பேசுவதுபோலச் சொல்லச் சொல்ல, அவர் அப்படியே எழுதினார். அந்த ஓலையைத் தற்செயலாகக் குனிந்து படித்த ஒருவர் ஒரு குடுவை கேட்டார். பின் அவர் தங்கை கேட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் பதினேழு வெண்ணூல் நறுக்குகள் கட்டப்பட்டன. அஞ்சற்காரர் அவற்றின் நகலைக் கொண்டுவந்த நாளில், கொற்றி ஒவ்வொன்றையும் எழுத்தரைப் படிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டாளாம். காடன் குடுவையின் வாயைத் தேன்மெழுகால் அடைத்துத் தன் கட்டைவிரலை அழுத்தி முத்திரை வைக்கப் பழகினான். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் பாட்டுக் கேட்டது என்று அண்டை வீட்டார் சொல்கின்றனர்.

தை மாதத்தில் எம் அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து பன்னிரண்டு குடுவை கேட்டு ஓலை போயிற்று. அரண்மனைக்குத் தன் தேன் போகிறது என்று கொற்றி ஊருக்கெல்லாம் வெல்லம் வழங்கினாள். வண்டி கணவாயை எட்டியபோது பாதை சரிந்து கிடந்தது. இருபது நாட்கள் கடுங்குளிரில் வண்டி அங்கேயே நின்றது. குடுவைகள் அரண்மனை வந்து சேர்ந்தபோது உள்ளிருந்த தேன் உறைந்து, சர்க்கரைபோல மணல்மணலாகக் கட்டியிருந்தது. நல்ல தேன் குளிரில் உறையும் என்பதை மலையுச்சியில் வாழும் நாம் அறியவில்லை. எமக்கு எப்போதும் வந்தது பெருநம்பியார் உறையாதபடி காய்ச்சி அனுப்பும் தேனே.

இனி எழுதுவதை மறைக்கலாகாது. உணவின்போது அத்தேனைத் தட்டில் கண்ட நாம், "இது சர்க்கரைப் பாகு போலிருக்கிறதே" என்று சொல்லித் தட்டைத் தள்ளினோம். அவ்வளவே சொன்னோம், அடுத்த நொடியில் மறந்தும் போனோம். மடைப்பள்ளி மேற்பார்வையாளரோ அச்சொல்லை எடுத்துக்கொண்டு, "இது தேன் அன்று, சர்க்கரை கலந்தது. இங்ஙனம், அரண்மனை" என்று செந்நூல் நறுக்கு எழுதி அனுப்பினார். சந்தை விதிப்படி அதன் நகல் ஒன்பது மன்றங்களிலும் கட்டப்பட்டது.

பத்து நாட்களுக்குள் கேட்போர் எவரும் இல்லாமற்போயினர். முன்பு வெண்ணூல் கட்டியவர்களிலும் நால்வர், பாதி உண்ட குடுவைகளைத் திருப்பி அனுப்பினர். வண்டிக்கூலி கொற்றியின் தலையில் விழுந்தது. அவள் ஓலை இன்னும் கீழே இறக்கப்பட்டது.

அவள் நும் அலுவலகத்துக்கு எழுதினாள்: தேன் கெடவில்லை, குளிரில் உறைந்தது, வெயிலில் வைத்தால் இளகும், வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுக என்று. "உம் ஓலை கிடைத்தது. உரிய காலத்தில் ஆராயப்படும். சந்தை உம் வளம் விழைகிறது" என்று மறுமொழி வந்தது. அவள் ஆறு முறை எழுதினாள். ஆறு முறையும் அதே மூன்று வரி வந்தது. அவற்றுள் ஒன்று "பானை வணிகர்க்கு" என்று தொடங்கியது. நெடுங்கண்ணனாரே, அந்த ஆறு ஓலைகளும் இப்போது எம் முன்னே இருக்கின்றன. ஆறிலும் நும் முத்திரை இருக்கிறது.

அரண்மனைச் சொல் செவ்வாய்ச் சந்தைக்கும் வந்து சேர்ந்தது. ஆண்டாண்டாய்த் தொட்டு நக்கி வாங்கிய பெண்கள் இப்போது பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போயினர். ஒருத்தி மட்டும், "நீ செஞ்சிருக்க மாட்ட கொற்றி, ஆனா அரமனைல சும்மா எழுதுவாங்களா?" என்று கேட்டாளாம். அன்று உடனிருந்த காடன் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு வீடு வந்தான். மறுநாள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, துறைமுகத்திலுள்ள பெருநம்பியாரின் பண்டகசாலைக்குக் கூலிக்குப் போனான். அங்கே அவனுக்கு இட்ட வேலை, குடுவையில் தேன் ஊற்றி மூடுவது.

அந்தக் குடுவைகளோடு சென்ற ஓலையில், எந்தப் பாறை, எந்தப் பூ, எத்தனை முழக் கயிறு என்று கொற்றி சொன்ன சொற்கள் ஒன்று மாறாமல் எழுதப்பட்டிருந்தன. காடனுக்குப் படிக்கத் தெரியாது. உடன் வேலை செய்த ஒருவன் உரக்கப் படித்தபோதுதான் அது தன் மனைவியின் பேச்சு என்று அறிந்தான். கையிலிருந்ததை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான் என்றும், மாலையில் திரும்பிவந்து மிச்ச வேலையை முடித்தான் என்றும் அறிகிறோம்.

வைகாசியில் கொற்றி தனியே பதினொரு நாள் நடந்து தலைநகர் வந்தாள். மன்றத்து வாயிலோன் அவளைத் தடுத்து, "எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. நேர்ல பேசறதுக்கு இங்க ஆளே கெடையாது" என்றான். அவன் சொன்னது உண்மை. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மன்றத்தைச் சுற்றி வந்தவள், பின்புறக் கொட்டகையில் தன் பன்னிரண்டு குடுவைகளும் அடுக்கிக் கிடப்பதைக் கண்டாள். ஒன்றில் மட்டுமே முத்திரை உடைந்திருந்தது. மற்றவற்றில் காடனின் விரல் பதிந்தபடியே இருந்தது. அரண்மனை திருப்பித் தந்து, உரியவளிடம் அனுப்பப்பட வேண்டியவை மூன்று மாதமாக அங்கேயே கிடந்தன.

அவள் ஒரு குடுவையை எடுத்துவந்து மன்றத்து முற்றத்தில் வெயிலில் வைத்து, அருகில் உட்கார்ந்தாள். ஒருவரையும் அழைக்கவில்லை. உச்சிப்பொழுதில் விளிம்பு இளகியது. பிற்பகலில் தேன் முழுதும் இளகிப் பொன்னாய் ஓடியது. கண்டோர் சிலர் தொட்டு நக்கி, நல்ல தேன் என்றனர். ஆனால் ஓலை வழியே வாங்காதவர் நறுக்குக் கட்டக்கூடாது என்பது விதி.

ஆண்டுக்கு ஒருமுறை மன்றத்தைப் பார்வையிட நாம் வருவது அந்த நாளாக அமைந்தது. பல்லக்கை நிறுத்தி, யார் என்று வினவினோம். அவள் எழுந்து கும்பிட்டாள். அவள் பேசியதை எம் எழுத்தர் பேச்சு மாறாமல் குறித்துக்கொண்டார்:

"தாயி, இது உங்க வீட்டுக்கு வந்த தேனுதான். பூசணிப் பூ பூக்கையில எடுத்தது. கொஞ்சம் தொட்டுப் பாருங்க. நான் சர்க்கரை போட்டேனான்னு நீங்களே சொல்லுங்க. அது போதும் எனக்கு."

தொட்டுப் பார்த்தோம். அதுபோன்ற தேனை எம் வாழ்நாளில் உண்டதில்லை. அவள் முன்னே அப்படியே சொன்னோம். தட்டைத் தள்ளியது நாமே என்பதையும் சொன்னோம். அவள் முகத்தில் சினம் எழுமென்று எதிர்பார்த்தோம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள்.

செந்நூல் நறுக்கை அறுக்கிறோம், ஓலையை ஒன்பது மன்றங்களிலும் கண்மட்டத்தில் தொங்கவிடுகிறோம் என்றோம். அவள் மறுத்தாள்.

"வேண்டாம் தாயி. ஓலைய எறக்கிக் குடுத்துருங்க. சந்தையில ஒருத்தி வேணாம்னு சொன்னா, ஏன்டின்னு கேப்பேன். இங்க யாருகிட்டப் போயி கேக்கறது? இன்னிக்கு நீங்க வந்தீங்க. நாளைக்கு யாரு வருவாங்க?"

ஓலையை இறக்கி அவள் கையிலேயே கொடுத்தோம்.

காடனை விடுவிக்கத் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பினோம். பெருநம்பியார் மறுக்கவில்லை, மறுத்தவன் காடனே. "அவ வரச் சொன்னாளா, அரசி வரச் சொன்னாங்களா?" என்று கேட்டு, அரசியின் ஆணை என்று அறிந்ததும், "என் பானைக்குள்ள எட்டிப் பாத்த ஊருக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?" என்று சொல்லி மீண்டும் உள்ளே போய்விட்டான். இன்றுவரை ஊர் திரும்பவில்லை. பாறையில் இவ்வாண்டு தேன் எடுப்பார் இல்லை. கொற்றி இப்போது செவ்வாய்ச் சந்தையில் புளி விற்கிறாள் என்று ஊர்த்தலைவர் எழுதியிருக்கிறார்; புளியில் எவரும் ஐயம் கொள்வதில்லையாம்.

ஆகவே நெடுங்கண்ணனார்க்கு எம் ஆணை. மன்றம் ஒவ்வொன்றிலும், வருவோர் சொல்வதை நேரில் கேட்டு அன்றே மறுமொழி சொல்லும் ஒருவரை இவ்வோலை கண்ட மூன்றாம் நாளுக்குள் அமர்த்துக. தலைநகர் மன்றத்தில் அவ்விருக்கையில் முதல் ஓராண்டு நீரே அமர்க. செந்நூல் நறுக்கு எதுவாயினும், விற்றவர் சொல்லைக் கேளாமல் கட்டலாகாது. கட்டினால் அவர் மறுமொழியையும் அருகிலேயே கட்டுக. புதிதாய் வருவோரின் ஓலை முதற்பருவம் முழுதும் கட்டணமின்றிக் கண்மட்டத்தில் தொங்குக. பிறர் சொல்லைத் திருடி எழுதிய பெருநம்பியாரின் ஓலையை இன்றே இறக்குக. அரண்மனைப் பெயரால் இனி எந்த நறுக்கும் எழுதப்படலாகாது. மேற்பார்வையாளரைத் தண்டிக்கவும் வேண்டா, சொல் எம்முடையது.

இவற்றுள் எதனாலும் கொற்றிக்கு எதுவும் திரும்பி வராது. அதை அறிந்தே இந்த ஆணையை இடுகிறோம்.

வெண்கோட்டு அரண்மனையில், ஆடித் திங்கள் ஒன்பதாம் நாள், எம் கைச்சாத்தும் முத்திரையும் இட்டு விடுத்தோம். கேட்டோர் கேட்டபடி நடக்க.