அம்மாவை மாட்டிய சுவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முத்தையாபுரத்தில் நான் நலமாக இருக்கிறேன். மருந்து ஏற்றிய பிறகு வரும் குமட்டல் குறைந்ததா? கஞ்சியாவது இறங்குகிறதா?

தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய உங்கள் பழைய படத்தை வீட்டு பிரின்டரில் எடுத்தேன். முகம் கலங்கலாக விழுந்தது. தரம் குறையாமல் இருக்க டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி, போட்டோத் தாளில் பெரிதாக எடுத்ததும் மூக்குத்திக் கல்கூடத் தெளிவாக வந்தது. சட்டம் போட்டு மாட்டினேன்.

மறுநாள் வீட்டுக்கார சந்தனச்செல்வி அக்கா ஒரு முழம் பிச்சிப்பூவோடு வந்தார்.

"ஏளா, ஒங்கம்மா தவறுனத சொல்லவே இல்லியே!"

"இருக்காங்கக்கா, தாராபுரத்துல."

"ஆத்தாடி! ஒத்தையா இம்புட்டுப் பெருசா மாட்டுனா நான் என்னன்னு நெனைக்க? நூறு வயசு இருப்பாவ, போ" என்று பூவை என் தலையில் வைத்துவிட்டார். இருவரும் சிரித்தோம்.

அவர் போனதும் படத்தைக் கழற்றிவிட்டேன். நாம் சேர்ந்திருக்கும் படத்தை மாட்டலாம் என்று போனில் தேடினேன். ஒன்றுகூட இல்லை, எல்லாப் படங்களையும் எடுத்தவள் நான்.

தீபாவளிக்கு வருகிறேன். தம்பியை எடுக்கச் சொல்வோம். முடி வளரட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அம்மா. இப்போது இருக்கிறபடியே என் பக்கத்தில் உட்காருங்கள்.

வேலைக்குப் போகும் துறைமுக பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கயல்