கோப்பித்தூள் போடாத காயம்

இஞ்சேருங்கோ, இன்று காலை உங்கள் மடக்குக் கத்தி என் கையைப் பதம் பார்த்துவிட்டது. அரிசி மூட்டையின் வாய்த்தையலைப் பிரிக்கப் போனேன். நுனி நூலில் மாட்டியது. கொஞ்சம் அழுத்தினேன். அலகு அப்படியே மடங்கி வந்து சுட்டுவிரலில் இறங்கியது. மடங்காமல் பூட்டுகிற கத்தியாக ஒன்று வாங்குங்கோ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "பூட்டுப் போட அதென்ன வீடே?" என்று சிரிப்பீர்கள். இப்போது சிரியுங்கோ பார்ப்போம்.

மூட்டை பிரிப்பது எப்போதும் உங்கள் வேலை. பென்டில் ஹில் கடையிலிருந்து கொண்டுவந்து குசினி வாசலில் இறக்கிவிட்டு, காற்சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுக்கும்போது முகத்தில் ஒரு பெருமை. அடிக்கடி கையை வெட்டிக்கொள்ளவும் செய்வீர்கள். இருதயத்துக்கென்று தந்த, இரத்தத்தை உறையவிடாத குளிசையையும் போட்டுக்கொண்டு கத்தியோடு என்ன விளையாட்டு? முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கப் புண் கட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்தால், நீங்கள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஒருநாள் அப்படி நின்றபோது வீடெல்லாம் கோப்பி மணத்தது. அடுப்பில் கேத்தில் இல்லை.

"காட்டுங்கோ கையை."

"ஒண்டுமில்லையப்பா, சின்னக் கீறல்."

உள்ளங்கை நிறையக் கோப்பித்தூள், அதற்குள்ளால் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வந்த ஆத்திரத்தில் அழுதேவிட்டேன். குழாய்த் தண்ணீரில் கழுவி, துவாயை மடித்து வைத்து, "விடாமல் அமத்துங்கோ, கையை நெஞ்சுக்கு மேலே பிடியுங்கோ, திறந்து பார்க்கக் கூடாது" என்றேன். நான் திரும்பியதும் திறந்துவிட்டீர்கள். "நிண்டிட்டுதோ எண்டு பாத்தனான்." நிற்கவில்லை. பரமட்டாப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் மணிக்கணக்காகக் காத்திருந்தோம். தையல் போட வந்த டொக்டர், இதென்ன கறுப்பாக இருக்கிறது என்று கேட்டார். "கோப்பி டொக்டர், சீனி போடவில்லை" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னீர்கள். அவர் சிரித்தார். நான் வீடு வரும்வரை ஏசிக்கொண்டே வந்தேன். நீங்கள் காரின் ஜன்னலால் வெளியே பார்த்தபடி சந்தோசமாக வந்தீர்கள்.

இன்று எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். கழுவினேன், துணி வைத்து அமத்தினேன், கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அப்போதுதான் மேசையில் போன் அடித்தது. தூரத்து நகரத்தில், கிளேட்டனில் இருக்கிற மகள். நீங்கள் கண்ணை மூடின நாளிலிருந்து தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நானும் மாட்டேன் என்றே சொல்லிவந்தேன். நீங்கள் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு எப்படிப் போவது? "இனி ஒருதரம் நீங்கள் போன் எடுக்காட்டி வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன்" என்று போன கிழமைதான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள்.

ஒரு கையில் காயம், மற்றக் கை அதன்மேல். எடுக்க வேண்டுமென்றால் விட வேண்டும், விட்டால் திரும்ப ஓடும். போன் நின்று நின்று அடித்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ பேருக்குக் கட்டின எனக்கு, பிறகு என் விரலில் முடிச்சுப் போட ஆளில்லை. பல்லால் இழுத்துக் கட்டினேன்.

பின்வளவில் நின்றதால் போன் கேட்கவில்லை என்று சொல்ல நினைத்துத்தான் அவளைக் கூப்பிட்டேன். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. நடந்ததைச் சொன்னேன்.

எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை தமிழிலேயே கத்தினாள்: "உங்களுக்கு விசரே அம்மா? அந்தக் கத்தியை ஏன் தொட்டனீங்கள்? அப்பாவுக்கு அந்த ஏச்சு ஏசிப்போட்டு, நீங்கள் செய்யிற வேலையே இது?" கத்திக்கொண்டே அழுதாள். அவள் ஏச ஏச எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அவள் மூச்சு வாங்கினபோது கேட்டேன்: "எப்ப பிள்ளை வாறாய்?"

கோபிக்காதேங்கோ. உங்களுக்கென்று வைத்திருக்கும் ஏச்செல்லாம் இன்னும் என் வாய்க்குள்ளேதான் கிடக்கிறது, போகிற இடத்துக்கும் அதைக் கொண்டுதான் போவேன். ஆனால் இந்த வீட்டில் அதைக் கேட்க ஆளில்லாமல் இருந்து பார்த்துவிட்டேன். இனி எனக்கு ஏலாதப்பா.