நைட்ரஜன் விட்டான் என்று ஒரு வார்த்தை

ஜமுனாமரத்தூர்,
ஆவணி 12

விஜயராஜோடு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த தம்பி அமீருக்கு, விஜயராஜின் அப்பா குப்பன் எழுதுவது. வாணியம்பாடியில் உன் வீட்டார் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று பொய் எழுத மாட்டேன். மழை பரவாயில்லை. சாமை முளைத்திருக்கிறது.

என் மகன் உயிரைக் கொண்டுபோன விபத்தின் அறிக்கையை எட்டு மாதமாகப் படிக்கிறேன். ஆறாவதோடு நின்றவனுக்கு இது எதற்கு என்று போளூர் தாலுகா ஆபீசில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். விஜயராஜின் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். நீங்கள் செய்த மருந்து இடக்கை வலக்கை போல இரண்டு வடிவில் உருவாகும். ஒன்றுதான் நோயாளிக்கு உதவும். அதை மட்டும் வரவழைக்கத்தான் ரோடியம் என்ற உலோகத்தைச் சேர்க்கிறீர்கள். அதற்குக் காற்று ஆகாது. முதலில் நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் ஹைட்ரஜன் விட வேண்டும். சரிதானே?

விஜயராஜ் நைட்ரஜன் விட மறந்தான், அதனால் கலம் வெடித்தது என்கிறது அறிக்கை. கீழே சாட்சியாக உன் கையெழுத்து. ஆனால் வெடிப்பதற்குச் சற்று முன் எடுத்த மாதிரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு சரியான வடிவம் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. காற்று இருந்திருந்தால் ரோடியம் கெட்டு, இரண்டும் கலந்து வந்திருக்கும், இல்லை ஒன்றுமே வந்திருக்காது. எதனால் வெடித்தது என்று கண்டுபிடிக்க என் படிப்பு போதாது. என் மகன் நைட்ரஜன் விட்டான். அது உனக்கும் தெரியும்.

கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. அது கிடக்கட்டும். வெடித்த அன்று காலை அவன் அம்மா கெங்கம்மாள் அவனுக்குப் போன் செய்து, களை எடுக்க ஆள் வரவில்லை என்று நெடுநேரம் பேசினாள். அவன் கம்பெனி வாசலில் நின்று கேட்டுவிட்டு அவசரமாக உள்ளே ஓடியிருக்கிறான். "நான் வளவளன்னு பேசினதாலதான் புள்ள மறந்துட்டான்" என்கிறாள். அன்றிலிருந்து போனைத் தொடவில்லை. சந்தவாசலிலிருந்து மகள் ஈஸ்வரி கூப்பிட்டாலும் பேசுவதில்லை. அந்தத் தொண்ணூற்றெட்டை எத்தனையோ முறை விளக்கினேன். "உனுக்கு இன்னா தெரியும், நீ கூட இருந்தியா" என்கிறாள்.

கூட இருந்தவன் நீ.

வேலை போய்விடும் என்று பயந்து கையெழுத்துப் போட்டிருப்பாய். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று நினைத்தும் வராதே. உன்னை எந்தக் கோர்ட்டிலும் நிறுத்த மாட்டேன். ஒரு முறை வந்து கெங்கம்மாள் எதிரில் உட்கார்ந்து, அவன் நைட்ரஜன் விட்டான், நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போ. வரும் நாளைத் தெரிவிக்க வேண்டாம். நாங்கள் எங்கேயும் போவதில்லை.

பிள்ளையைப் பறிகொடுக்காமல் உன் அம்மா உனக்கு முன்னால் போகிற மாதிரி, நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

குப்பன்