குழி வாயில் நின்ற காய்

கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடருக்கு வாசனையே கிடையாது என்று நீ சாதிப்பாய். உண்டு. இன்று மதியம் உன் மனைவி சரசு கொண்டுவந்து வைத்த தகர டப்பாவின் மூடியைத் திறந்ததும் அது வந்தது. தையல் மிஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் மழைக்கால ஈரச் சுவரும் கலந்த வாசனை. டப்பாவோடு ஒரு மஞ்சள் பையையும் வைத்தாள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீ போய் மூன்று மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று மதியத்தோடு அதில் பாதி செல்லாமல் போய்விட்டது. மீதியையாவது எழுதுகிறேன்.

நான் இந்த மலைக்குத் திரும்பி வந்தது ஒரு மாதத்துக்கு. எம்.ஏ. முடித்து நாமக்கல்லில் ஒரு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன். மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அப்பா விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து ஆணியில் மாட்டவே இல்லை. மாட்டினால் இங்கேயே தங்கிவிடுவேன் என்று பயம். மாட்டாமலே தங்கிவிட்டேன்.

நீ அப்படி இல்லை. கீழே காளப்பநாயக்கன்பட்டியில் நிலம் நீச்சு இருந்தும், அண்ணன்களோடு ஒத்துவராமல், நீயாக மலையேறி வந்தாய். செம்மேட்டு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் தையல் கடை போட்டாய். எந்த ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிக் கீழே போய்விட உன்னால் முடியும். கீழே போவதே கனவாக இருந்த நான் மேலே மாட்டிக்கொண்டேன். மேலே இருக்க வேண்டிய அவசியமே இல்லாத நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். உன் மேல் எனக்கு இருந்த முதல் கோபம் அதுதான். அது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கடையின் பின்பக்கம் கேரம் போர்டு. மரவள்ளி லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர்கள், ஜீப் டிரைவர்கள், காப்பித் தோட்டத்துக் கூலிகள் என்று ஒவ்வொருவராகப் பிடித்து வந்து உட்கார வைத்தாய். அளவு கொடுக்க வந்தவன் கழுத்தில் டேப்பைப் போட்டபடியே கேட்பாய்: "ஏனுங்க, கேரம் தெரியுமுங்களா?" தெரியாது என்றால் இன்னும் சந்தோஷம். "அப்பத்தான் நல்லது. கெட்ட பழக்கம் ஒண்ணும் இருக்காது."

புதிதாக வருகிறவனுக்கு என்று நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். முதல் ஆட்டத்தில் அவன் ஜெயிக்க வேண்டும். அவனோடு ஆடுகிறவன் கடையிலேயே நன்றாக ஆடுகிறவனாக இருக்க வேண்டும். அதாவது நான்.

"மாப்ளே, மொத நாளே தோத்துட்டுப் போறவனுக்கு ஊட்டுக்குப் போற அஞ்சு மைலும் அந்தத் தோல்வி கூடவே நடக்கும். மறுக்கா இந்தப் பக்கம் தலை வெக்க மாட்டான்" என்றாய்.

"அதுக்கு நான் எதுக்கு? ஆடத் தெரியாத எவனையாச்சும் உக்கார வையி. அவன் தானாத் தோப்பான்."

"ஆடத் தெரியாதவன் தோத்தா அதுல என்ன இருக்குது? எம்.ஏ. படிச்சவனை, இந்த மலையிலயே பெரிய ஆட்டக்காரனைத் தோக்கடிச்சேன்னு அவன் ஊட்டுல போயிச் சொல்லோணும். அதும் நீ வேணும்னு தோத்தது அவனுக்குத் தெரியப்படாது. அதுக்குக் கை வேணும். அந்தக் கை உனக்குத்தான் இருக்குது."

படித்தவனை இப்படித்தான் மடக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நான் மடங்கினேன்.

கொஞ்ச நாளில் அதில் ஒரு தேர்ச்சியே வந்துவிட்டது. காயை நேராகக் குழிக்கு அனுப்பி, சரியாகக் குழியின் வாயில் நிறுத்திவிடுவேன். அரை விரற்கடை போயிருந்தால் விழுந்திருக்கும். பார்க்கிறவர்கள் அடடா என்பார்கள். அடுத்தபடியாக ஆடுகிற புதியவன் ஸ்ட்ரைக்கரால் தொட்டால் போதும், அவன் காய் என் காயை ஒட்டி வழுக்கி உள்ளே விழும். ஜெயித்துவிட்டு அவன் என்னை நிமிர்ந்து பார்ப்பான். உடனே நீ மிஷினில் உட்கார்ந்து, வெட்டி விழுந்த துணியில் சுருக்குக் கயிறு வைத்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பை தைப்பாய். அவனுக்கென்று ஒரு ஸ்ட்ரைக்கரை அதில் போட்டு சுவரில் ஆணியில் மாட்டிவிடுவாய். வீட்டுக்கு எடுத்துப்போக விட மாட்டாய். இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை என்றால் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவாய்: "அவரு ஸ்ட்ரைக்கரு ஆணியிலயே தொங்குது, என்ன ஏதுன்னு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க." வந்துவிடுவார்கள். சுவர் முழுக்கப் பைகள். பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி, பள்ளிக்கூடக் காக்கித் துணி.

எனக்கு மட்டும் பை இல்லை. நான் புதியவனாக வரவில்லையாம். முதல் நாளே உன்னை அடித்து ஜெயித்துவிட்டேனாம். இதையெல்லாம் ஒரு மனிதன் மனதில் வைத்துக்கொள்வானா என்று கேட்பாய். வைத்துக்கொண்டேன்.

வெள்ளையனை நினைவிருக்கும். மலையிலேயே உள்ளே தள்ளி இருக்கும் பைல் நாட்டிலிருந்து மரவள்ளி லாரியில் வந்து இறங்கியவன். பத்தாவது முடித்திருந்தான், வாய் திறக்க மாட்டான். அவனுக்கும் நான்தான் தோற்றேன். அவனுக்குப் பச்சைத் துணியில் பை தைத்தாய். மூன்று வருடத்தில் நிஜமாகவே என்னோடு மல்லுக்கு நிற்கிற அளவுக்கு வந்துவிட்டான். தோற்றுத் தோற்று அவனை வளர்த்தது நான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அப்போதுதான் சேந்தமங்கலத்தில் அந்தப் போட்டி வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். ஒரே ஒரு இடம். மாவட்டத்துக்கு ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். எனக்கு முப்பத்துநான்கு வயது. மனுப் போட வயது வரம்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட எனக்குத் தெரிந்த கடைசி வழி அது. இது உனக்கும் தெரியும். என் வெள்ளைச் சட்டைக்கு அன்று காலையில் நீதான் இஸ்திரி போட்டாய்.

கடைசி ஆட்டத்தில் எதிரே வந்து உட்கார்ந்தது வெள்ளையன்.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் என் பக்கம் ஒரு வெள்ளைக் காயும் சிவப்பும் பாக்கி. அவனுக்கு இரண்டு கறுப்பு. சிவப்பைப் போட்டேன். அதற்கு ஃபாலோவாக அந்த வெள்ளையை உடனே போட்டாக வேண்டும், போட்டால் எல்லாம் முடிந்தது. வலது மூலைக் குழிக்கு ஒரு சாண் தூரத்தில், நேர்கோட்டில் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டிய காய். அடித்தேன். குழியின் ஓரத்தில் பட்டுத் தெறித்து போர்டின் நடுவுக்கே வந்து நின்றது.

சிவப்பு திரும்ப நடுவில் வைக்கப்பட்டது. வெள்ளையன் ஒரு கறுப்பைப் போட்டான், சிவப்பைப் போட்டான், கடைசிக் கறுப்பையும் போட்டான். போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான், மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பார்வை.

நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். என் தோளில் கையை வைத்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாய்: "உட்டுக் குடுத்துட்டயே மாப்ளே. இந்த மனசு எவனுக்கு வரும்?"

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இல்லை, தவறவிட்டேன் என்று. சொல்லவில்லை. தோற்றவனாக பஸ் ஏறுவதைவிட விட்டுக்கொடுத்தவனாக ஏறுவது அந்த நிமிடத்தில் எனக்கு வசதியாக இருந்தது. அதை நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது.

மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். முன்சீட்டுக்காரர் திரும்பி, "நெசமாவா சாமி? வேலை கெடைக்கிறதையே உட்டுட்டீங்களா?" என்றார். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பாருங்க, அதைக்கூட வெளிய சொல்லிக்க மாட்டேங்கறான்" என்றாய். ஒவ்வொரு வளைவுக்கும் எனக்கு ஒரு கதவு சாத்தியது மாதிரி இருந்தது.

வெள்ளையன் சான்றிதழோடு ஈரோட்டில் வேலைக்குப் போனான். அடுத்த வருடம் போட்டி வந்தபோது நானாக வாய்விட்டுக் கேட்டேன். "உனக்கென்ன மாப்ளே, நீயெல்லாம் பரிசுக்கு ஆடற ஆளா?" என்று சிரித்துவிட்டு கடையின் சார்பில் வேறு இருவர் பெயரை அனுப்பினாய். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நல்லவன் என்று ஊரே முடிவுசெய்த பிறகு எனக்கு வேலை வேண்டும் என்று மறுபடியும் எப்படிக் கேட்பது? வயது தாண்டியது. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மிளகும் மரவள்ளியும் புதியவர்களிடம் தோற்பதுமாகப் பத்து வருடம் ஓடிவிட்டது. உன்மேல் இருந்த ஆத்திரத்தை ஒரு நாள்கூட ஆறவிடவில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதுகூட, நீ தூங்கிய பிறகு உன் முகத்தைப் பார்த்து, "நான் விட்டுக்கொடுக்கவில்லையடா" என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

இனி இன்று மதியம்.

சரசு வந்தாள். கடைச் சாவியை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன், மாலையில் திறந்துவிடுகிறேன். மிஷினுக்கு மேல் துணி போர்த்தியிருக்கிறது. டப்பாவையும் பையையும் வைத்தவள் போகாமல் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கண்ணா, எனக்கு ஒரு ஆட்டம் போடறீங்களா?"

இத்தனை வருடத்தில் அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"உனக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அப்பத்தான் நல்லதுன்னு உங்க கூட்டாளி சொல்லுவாரு."

உன் வழக்கத்துக்கு இன்று ஒரு முடிவுகட்டிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். உன் மனைவியாக இருந்தால் என்ன, நியாயமாக ஆடி ஜெயித்துவிட்டு எழுந்திருப்பது. ஆறு காய் போட்டேன். ஏழாவதை அடித்தேன். அது போய்க் குழியின் வாயில் நின்றது.

சத்தியமாக நான் நிறுத்தவில்லை.

சரசு காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவரு சொன்னது செரியாத்தான் இருக்குது. நீங்க வேணும்னு தோத்தா காயி குழி வாயிலதான் நிக்குமாம். தெறிச்சு ஓடாதாம்."

"எப்பச் சொன்னான்?"

"சேந்தமங்கலத்துலருந்து வந்தீங்களே, அன்னிக்கு. ஒரு வாய் சோறு எறங்கலீங்க அவருக்கு. மாப்ளயோட காயி நடுப் போர்டுக்குத் தெறிச்சு வந்துச்சு, அவன் உட்டுக் குடுக்கல, நெசமாவே தோத்துட்டான்னு சொன்னாரு. மொகத்தைப் பாக்க முடியலயாம், அதனால அப்படிச் சொல்லிப்போட்டேன்னாரு."

ஸ்ட்ரைக்கரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"தோக்க வெச்சு வெச்சு அவன் கையை நாந்தான் கெடுத்துப்போட்டேன்னாரு. மறுபடியும் நாலு பேரு முன்னால எப்புடிக் கொண்டுபோயி உக்கார வெப்பேன்னு கேட்டாரு."

ஆக உனக்குத் தெரியும். அந்தக் கல்யாண மண்டபத்தில் நான்தான் புதியவன். நீ எனக்குத் தோற்றுக்கொடுத்திருக்கிறாய், எனக்குத் தெரியாதபடி, என் கையைவிடத் தேர்ந்த கையோடு.

இதற்காக நான் உன்னை மன்னித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளாதே. "தவறவிட்டாய், கை கெட்டுவிட்டது, நாளையிலிருந்து ஜெயிக்கப் பழகலாம்" என்று நீ சொல்லியிருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பேன். ஒரு மாதம் பேசியிருக்க மாட்டேன். பிறகு பழகியிருப்பேன். ஒரு வருடம் இருந்தது. தோல்வி அஞ்சு மைல் கூடவே நடக்கும் என்று சொன்னவன், என்னோடு அது நடந்து வரவே விடவில்லையே. நான் நடந்திருப்பேன். ஒருவேளை கீழே வரைக்குமே.

சரசு என் யோசனை தீரும்வரை காத்திருக்கவில்லை. ஸ்ட்ரைக்கரை நகர்த்தி, குழி வாயில் நின்ற என் காயை ஒட்டித் தன் காயை உள்ளே தள்ளினாள்.

"நான் வேணும்னு நிறுத்தலம்மா" என்றேன். பத்து வருடமாக உன்னிடம் சொல்ல வைத்திருந்ததைக் கிட்டத்தட்ட அதே சொற்களில் அவளிடம் சொன்னேன்.

"இருக்கட்டுங்க. எனக்குப் பை வேணுமில்ல."

ஜெயித்துவிட்டுத்தான் எழுந்தாள். மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். உள்ளங்கை அகலத்தில் சுருக்குப் பைகள், பன்னிரண்டு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் சாய்ந்தபடி கையாலேயே தைத்தாயாம். தையல் கோணல்மாணலாகப் போயிருக்கிறது. இன்னும் வரவேண்டியவர்களுக்காம். அதில் நீலப் பூப்போட்டதை எடுத்து, ஸ்ட்ரைக்கரைப் போட்டு, அவளே ஆணியில் மாட்டிவிட்டு, "ஞாயித்துக்கெழம வாரனுங்கண்ணா" என்று போய்விட்டாள்.

மீதியை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. ஒன்றாவது எனக்காக இருக்குமோ என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. துணிதான் வேறு வேறு, மற்றபடி எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன.

இன்னும் பதினொரு தோல்விகளை எனக்காகத் தைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். தபால்காரர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறாராம், கேரம் தெரியாதாம். நாளைக்கு வருவதாகக் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். போர்டைத் துடைத்து பவுடர் போட்டு வைத்திருக்கிறேன். சாவி என் சட்டைப் பையில் கிடக்கிறது.