கதவு திறக்கும் பக்கம்

4 மார்ச் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், அம்மாவின் வாய் அதைவிட நலம். போன கடிதத்தில் முதுகு வலிக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, உங்கள் மேஸ்திரியின் பல்செட்டு கலவைத் தொட்டியில் விழுந்த கதையை ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். "வலிக்கு ஒரு வரி, பல்லுக்கு ஒரு பக்கமா?" என்று அம்மா கத்தியது உங்களுக்கே கேட்டிருக்கும்.

சரி, செய்திக்கு வருகிறேன். நம் தெரு இளைஞர் மன்றத்துக்கு நான் தலைவியாகிவிட்டேன்! பன்னிரண்டு பேரில் ஒன்பது ஓட்டு எனக்கு. மூன்று ஓட்டு ரேடியோவுக்கு. ரேடியோ யார் என்று முழிக்காதீர்கள், சைக்கிள் கடைக்காரர் மகள்தான். தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுவாள் என்பதால் அந்தப் பெயர். தோற்றுப்போனவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பார்த்தால், "நீ முடிவெடு, நான் ஊருக்குச் சொல்றேன்" என்று செயலாளராகிவிட்டாள்.

எங்கள் மன்றத்தில் பேசிக் கலைகிற வேலை கிடையாது. வருஷத்துக்கு இரண்டு காரியம், எங்கள் கையாலேயே செய்து முடிக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. யாருக்காகச் செய்தோமோ அவர்களைப் போலவே நாங்கள் முதலில் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைப்போம். பஸ் நிறுத்தத்துக்கு பெஞ்சு செய்தபோது ஆளுக்கொரு மூட்டையோடு ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தோம். பஸ் வந்து நின்றும் யாரும் ஏறவில்லை என்று டிரைவர் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போனார்.

இந்த முறை நூலகத்துக்குச் சாய்தளம் கட்டப்போகிறோம். எதிர்க்கடையில் கடிகாரம் பழுது பார்ப்பவரைத் தெரியுமல்லவா, சக்கர நாற்காலியில் வருவாரே? பதினொரு வருஷமாக அவர் நூலகப் படிக்குக் கீழேயே நிற்கிறார். நூலகர் அம்மா நாலு புத்தகம் எடுத்து வருவார், அதில் இவர் ஒன்றை வாங்கிக்கொள்வார். நான் போய்ப் பேசினேன். "நான் படிச்சதெல்லாம் அந்தம்மாவுக்குப் புடிச்ச புத்தகம். எனக்கு என்ன புடிக்கும்னு எனக்கே தெரியாதும்மா" என்றார்.

சிமெண்டும் ஜல்லியும் நகராட்சி தருகிறது. வேலை எங்களுடையது. வீட்டில் கொத்தனாரை வைத்துக்கொண்டு நான் வேறு யாரிடம் போவேன்? அந்த நூலகச் சுவரைப் பூசியதே நீங்கள்தானே. ஒரு வரைபடம் போட்டு அனுப்புங்கள் அப்பா, சீக்கிரம்.

உங்கள் மகள்,
தலைவி (இன்னும் இரண்டு கடிதத்துக்கு இப்படித்தான் போட்டுக்கொள்வேன்)


17 மார்ச் 1997

என் செல்லத்துக்கு,

முதுகு பரவாயில்லை. மேஸ்திரியின் பல் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன். அம்மாவுக்குத் திருப்திதானே?

உன் கடிதத்தைக் கம்பி கட்டுகிற நண்பனிடம் படித்துக் காட்டினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. "உன் மகளா? உன்னைப் பாத்தா நம்பவே முடியலையே" என்கிறான், பொறாமை பிடித்தவன். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வரைபடம் இதோடு இருக்கிறது. சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் வரைந்தேன், தூசி தட்டிவிட்டுப் பிரி. மூன்று படி, படிக்கு ஆறு அங்குலம், ஆக உயரம் பதினெட்டு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் இழுத்தால்தான் அவர் தன் கையாலேயே தள்ளி ஏற முடியும். ஆகவே பதினெட்டு அடி. கேட்டிலிருந்து கதவு வரை இருபது அடி இருக்கிறது. மேலே இரண்டடி சமதளம் மிஞ்சும், அது தாராளம். கதவு உள்பக்கமாகத்தானே திறக்கிறது. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பத்து நாள் நின்று பூசியவன் நான், கண்ணை மூடினால் கீல்கூடத் தெரிகிறது. வேறு யாரிடமும் யோசனை கேட்காதே, முக்கியமாக உன் சித்தப்பாவிடம்.

கான்கிரீட் போட்டபின் ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்று. அவசரப்பட்டு யாரும் ஏறிவிடக் கூடாது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. முப்பது வருஷமாக யாரோ வரைந்ததைத்தான் நான் கட்டியிருக்கிறேன். நானே வரைந்து ஒன்று எழும்புவது இதுதான் முதல் தடவை. அதுவும் என் பெண் கட்டப்போகிறாள். பெருமை பிடிபடவில்லை அம்மாடி. முடிந்ததும் ஒரு புகைப்படம் அனுப்பு, இங்கே எல்லாரும் கேட்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா


29 ஏப்ரல் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்தோம். பிறகு இடித்துவிட்டோம்.

சாய்வு, அகலம், ஈரச்சாக்கு எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். பார்த்தவர்கள், "யாரும்மா மேஸ்திரி?" என்று கேட்டார்கள். சனிக்கிழமை திறப்பு விழா, நகராட்சித் தலைவர் வருவதாக அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. புதன்கிழமை, எங்கள் வழக்கப்படி பயன்படுத்திப் பார்க்க மருத்துவமனையில் சக்கர நாற்காலி ஒன்று இரவல் வாங்கி வந்தோம். தலைவி என்பதால் நான்தான் முதலில் உட்கார்ந்தேன். கை வலித்தது, ஆனாலும் மேலே போய்விட்டேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அப்பா, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. என் முழங்காலில் இடித்து நாற்காலியைத் தள்ளிவிட்டது. பின்பக்கமாகவே உருண்டேன். ரேடியோ மட்டும் பாய்ந்து பிடிக்காவிட்டால் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போயிருப்பேன்.

பழைய மரக்கதவைப் போன வருஷம் எடுத்துவிட்டு, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடிக் கதவு வைத்திருக்கிறார்கள். உள்ளே கதவை ஒட்டிப் புத்தக அலமாரி வந்துவிட்டதால் உள்பக்கம் திறக்க இடமில்லை. வாரத்துக்கு மூன்று நாள் அதை இழுத்துத் திறந்து உள்ளே போகிறவள் நான். கைக்குத் தெரிந்தது மண்டைக்கு எட்டவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அளவு நாடாவைக் கதவு வரை கொண்டுபோகவில்லை. கொத்தனார் போட்ட வரைபடம், அதைச் சரிபார்ப்பதே மரியாதைக் குறைவு என்று இருந்துவிட்டோம்.

எல்லாரும் முதலில் சிரித்தோம். பார்க்க வந்திருந்த கடிகாரக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "பரவால்லம்மா, யாராவது கதவைப் புடிச்சுக்கிட்டா போதும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

ஓட்டெடுப்பு வைத்தேன். இப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பிடிக்க ஆள் போடலாம் என்று ஏழு பேர், இடிக்கலாம் என்று ஐந்து பேர். நான் தோற்றுவிட்டேன். தலைவி என்று சொல்லி உத்தரவு போட்டிருக்கலாம், மனசு வரவில்லை. "சரி, ஓட்டு ஓட்டுதான். ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்கு. எல்லாரும் ஒரு தடவை தனியா ஏறிக் கதவைத் திறங்க, யாரும் கை குடுக்கக் கூடாது" என்றேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒருவராலும் முடியவில்லை. ரேடியோ எப்படியோ பாதி திறந்து, விரலை நசுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு இறங்கி வந்தாள். "ஆள் வந்து கதவைப் புடிக்கணும்னா, ஆள் வந்து புத்தகம் குடுத்த கதைதானே இது?" என்றாள். மறுபடி ஓட்டெடுத்தோம். பன்னிரண்டு கையும் உயர்ந்தது.

நகராட்சித் தலைவருக்கு நானே போன் செய்து விழா இல்லை என்றேன். "ஏம்மா?" "தப்பாக் கட்டிட்டோம் ஐயா." "சரி, ஒழுங்காக் கட்டிட்டுக் கூப்பிடு" என்றார். தையல்காரர் மகன், "வரைஞ்சது உங்கப்பாதானே?" என்று கேட்டான். "அளக்க வேண்டியது நான்" என்றேன்.

முதல் அடி நான்தான் அடித்தேன், உங்கள் சம்மட்டியால். அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் அடித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்


11 மே 1997

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வேலை அதிகம்.

கதவு மாறிய விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? ஊரில் இருக்கிறவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் நான் வைத்த கல்லை யாரும் பெயர்த்தது இல்லை. முதல் தடவையாகப் பெயர்த்தது என் பெண், அதுவும் என் சம்மட்டியால். இடிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? ஏதாவது வழி சொல்லியிருக்க மாட்டேனா?

புகைப்படம் எங்கே என்று நண்பன் கேட்டான். கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவிடம் சொல்.

அப்பா


8 ஜூன் 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா காரணம் கேட்டாள், காட்டினேன். "கோவம் வந்தாதான் உங்கப்பா எழுத்து இவ்வளவு அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உங்களைக் கேட்காமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இடித்ததற்குக் கேட்கமாட்டேன். உங்களைக் கேட்டிருந்தால் நீங்கள் ஏதாவது வழி சொல்லியிருப்பீர்கள், நானும் உங்கள் முகத்துக்காக அதற்குச் சம்மதித்திருப்பேன். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. இது உண்மை, உங்களிடம் மறைக்க எனக்குத் தெரியாது.

இப்போது கட்டி முடித்தாகிவிட்டது. கதவுக்கு முன்னால் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். அங்கிருந்து சுவரை ஒட்டி ஒன்பதடி, மூலையில் திரும்ப ஒரு சமதளம், பிறகு கேட்டைப் பார்த்து ஒன்பதடி. சாய்வு நீங்கள் சொன்ன அதே அங்குலத்துக்கு ஓர் அடிதான், அதில் கை வைக்கவில்லை. இந்தத் தடவை ஒவ்வோர் அளவையும் மூன்று பேர் தனித்தனியாக எடுத்தோம். நூலகர் அம்மா எங்கள் நாடாவைத் தாண்டித் தாண்டியே களைத்துப்போனார்.

திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டினார். கடிகாரக்காரர் தன் கையாலேயே தள்ளி மேலே போனார், கதவை இழுத்தார், ஒதுங்கினார், உள்ளே போனார். கை தட்டினோம். ஐந்து நிமிஷத்தில் புத்தகத்தோடு வந்துவிடுவார், படம் எடுக்கலாம் என்று வெளியே நின்றோம். மனுஷர் ஒன்றேகால் மணி நேரம் வரவே இல்லை! நகராட்சித் தலைவர் பார்த்துப் பார்த்துப் போயே போய்விட்டார். கடைசியில் கடிகாரக்காரர் வெறுங்கையோடு வந்தார். "ஒண்ணும் சரியாப் புடிக்கல. நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு போனார்.

ரேடியோ என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் இருந்ததே இல்லை அப்பா. பக்கத்தில் நீங்கள் இல்லையே என்பதுதான் ஒரே குறை.

புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். நண்பரிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். எனக்குப் பதில் மட்டும் போடுங்கள்.

உங்கள் மகள்


14 ஜூலை 1997

அன்புள்ள தலைவிக்கு,

ஒரு மாதத்துக்குமேல் பதில் போடாமல் இருந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் பத்தாவது நாளே போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது வெட்கம்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் கட்டிய கட்டடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வரைபடத்தில் இருந்ததைக் கட்டினேன், தூக்குக்குண்டு பிசகாமல் கட்டினேன், சுவரில் ஒரு விரிசல் கிடையாது. ஆனால் கட்டியதில் ஒரு தடவையாவது வந்து புழங்கிப் பார்த்தேனா? இல்லை. எத்தனை கதவு யார் யாரைத் தள்ளிக்கொண்டிருக்கிறதோ, தெரியாது.

இப்போது இங்கே ஒரு மருத்துவமனை கட்டுகிறோம். பின்வாசலில் சாய்தளம், மேலே மூன்றடி சமதளம், கதவு வெளிப்பக்கம். மண் கொட்டிச் சரிவு செய்தாகிவிட்டது, மறுநாள் கான்கிரீட் போடுவதாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. செங்கல் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, நண்பனைத் தள்ளச் சொன்னேன். மேலே போய், தற்காலிகமாகப் பலகையில் அடித்து நிறுத்தியிருந்த கதவை இழுத்துப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் வண்டியோடு மணல் குவியலில் விழுந்தோம். அவன் இன்னும் நொண்டுகிறான்.

நேரே என்ஜினீயரிடம் போனேன். முப்பது வருஷத்தில் என்ஜினீயரிடம் நானாகப் போய்ப் பேசியது இதுதான் முதல் தடவை. "ஐயா, இந்தக் கதவு ஆளைத் தள்ளும். அஞ்சடி வேணும்" என்றேன்.

"வரைபடத்துல மூணடிதான் இருக்கு. அஞ்சடின்னு யார் சொன்னது?"

"எங்க மன்றத் தலைவி."

"எந்த மன்றம்யா?"

"என் மக, ஐயா."

அவர் திட்டினார். நான் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன், கட்டமாட்டேன் என்றேன். என்னைத் தூக்கிப் பின்கட்டில் பூச்சு வேலைக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்தச் சாய்தளத்தில் கான்கிரீட் விழவில்லை. வரைபடம் மேலிடத்துக்குப் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. ஐந்தடி வருமா வராதா, எனக்குத் தெரியாது. வராவிட்டால் மறுபடி போய்க் கேட்பேன். ஒரு தடவை வாய் திறந்தாகிவிட்டது, இனி மூட முடியாது போலிருக்கிறது.

நண்பனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேமரா கெடவில்லை, நான் வரைந்தது தப்பு, என் பெண் இடித்துவிட்டுச் சரியாகக் கட்டினாள் என்று. அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். "குடுத்து வச்சவன்யா நீ" என்றான். புகைப்படத்தை அனுப்பு. பெரிதாகப் போட்டு அனுப்பு.

செப்டம்பரில் எனக்கு இருபது நாள் லீவு. அடுத்த வேலை என்ன என்று முடிவு செய்துவிட்டீர்களா? உங்கள் மன்றத்தில் வயது வரம்பு இருக்கிறதாமே, அம்மா எழுதியிருந்தாள். எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது. உறுப்பினராக வேண்டாம், ஓட்டும் வேண்டாம். நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல், வந்து நிற்கிறேன். அளவை நீ படி.

இப்படிக்கு,
தலைவியின் அப்பா