பம்பரில் குங்குமம்

விருத்தாசலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நானும் கயலும் நலம்.

பயப்படாமல் படியுங்கள். பீங்கான் கம்பெனி வேலை முடிந்து, குழந்தைகள் காப்பகத்திலிருந்து கயலை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கப்போய், நீங்கள் தந்த கார் மரத்தில் இடித்துவிட்டது. பம்பர் மட்டும்தான் உடைந்தது. கயல் அழக்கூட இல்லை. மஸ்கட்டில் இருக்கும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

திருஷ்டி என்று மனதில் பட்டது. எனக்கு நானே சுற்றிக்கொள்ள முடியாதே, அதனால் காருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். மறுநாள் சேதம் பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர் பம்பரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“இன்னா மேடம், ரத்தமா இருக்குது? யாரையாவது இடிச்சிட்டு மறைக்கிறீங்களா?”

“ஐயோ, குங்குமங்க சார்! பூசணிக்காய் உடைச்சேன்.”

தொட்டு முகர்ந்த பிறகுதான் சிரித்தார். “பூசணிக்காய்க்கும் சேத்து கிளைம் கேட்டுடாதீங்க!”

பணம் வருமாம். ஆனால் கார் உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். இத்துடன் உள்ள படிவத்தில் போட்டு கூரியரில் அனுப்புங்கள். நேரில் கொண்டுவந்தாலும் சரிதான்.

கயல் சிணுங்குகிறாள், முடிக்கிறேன். வந்தால் அம்மாவையும் கூட்டி வாருங்கள். பூசணிக்காய் இங்கேயே கிடைக்கிறது. எனக்குச் சுற்றிப் போடத்தான் ஆளில்லை.

உங்கள் மகள்,
ஜெயஸ்ரீ